நேர்ந்துக்கிறதுன்னா என்னன்னு கேட்டான் அக்கா பையன்

பெங்களூர்ல வளர்ற எங்கக்கா பையன் போன லீவுல திருச்சிக்கு வந்திருந்தான். சாமி ரூம்ல ஆணில ஒரு மஞ்சத்துணி முடிச்சு தொங்குறத பாத்துட்டு இது என்ன மாமான்னு கேட்டான். உள்ள ஒத்த ரூபா காசு இருக்குடா, உங்க தாத்தா ஆஸ்பத்திரில சீரியஸா கெடந்தப்ப பாட்டி நேர்ந்துக்கிட்டு முடிஞ்சு போட்டது, இன்னும் செய்யாம பாக்கி நிக்குதுன்னேன். நேர்ந்துக்கிறதுன்னா ப்ரேயரான்னான். ஆமான்னேன். அப்பறம் எதுக்கு காசு, டீலா, நீ குணமாக்கு நான் பணம் தரேன்னு? அப்படி இல்லடான்னு சொன்னேனே தவிர, ஏன் அப்படி இல்லன்னு அந்த நேரத்துல எனக்கு சொல்ல வரல.

அதான் உக்காந்து எழுதுறேன். வீட்டுல இத பத்தி கேட்டா பாதி பேரு சாமி விஷயத்துல கேள்வி கேக்காதன்னு வாய அடைச்சுருவாங்க, மீதி பேரு அதெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒரே வார்த்தைல முடிச்சுருவாங்க, அது என்னன்னு மட்டும் ரெண்டு கட்சியும் சொல்லாது.

வார்த்தைலேர்ந்து ஆரம்பிப்போம். வேண்டுதல், நேத்திக்கடன், பிரார்த்தனன்னு ஆளாளுக்கு ஒன்னு சொன்னாலும் உள்ள ரெண்டு பாதி இருக்கு. வேண்டுதல் கேக்குற பாதி. நம்ம கைய மீறின கஷ்டம் ஒன்னு வந்துருச்சு, அத சாமிகிட்ட கொண்டு போய் போட்டு, எப்படியாச்சும் சரி பண்ணிக் குடுன்னு கேக்குறோம். நேத்திக்கடன் குடுக்குற பாதி. இது சரியான பெறகு நான் வந்து இன்னது செய்யுறேன்னு வாய்விட்டு ஒத்துக்கிட்டது. நேர்தல்னா பழைய தமிழ்ல ஒத்துக்கிறது, குடுக்க சம்மதிக்கிறதுன்னு அர்த்தம். கோயிலுக்குன்னு விட்ட ஆட்ட "நேந்து விட்ட கெடா"ன்னு சொல்றோமே அதுவும் இதே வார்த்தை தான். நேத்தின்னு பேச்சுல வருது, எழுத்துல நேர்த்தி.

இது எவ்வளவு பழசுன்னு தெரிஞ்சப்ப எனக்கே கொஞ்சம் ஆச்சரியமா இருந்துச்சு. குறுந்தொகைல 218ஆவது பாட்டு, கொற்றனார்னு ஒருத்தர் பாடினது. தலைவன் விட்டுட்டுப் போயிட்டான், வர்ற வழியக் காணோம், தலைவி தோழிகிட்ட எரிச்சலா பேசுறா. மலைக்குகைல இருக்குற சூலிக்கு, அதாவது கொற்றவைக்கு, நாம கடனும் பூண வேண்டாம், கைல நூலும் கட்டிக்க வேண்டாம், பறவை சகுனமும் பாக்க வேண்டாம், விரிச்சி கேட்டும் நிக்க வேண்டாங்குறா. விரிச்சின்னா நாம ஒன்ன நெனச்சுக்கிட்டு நிக்கும்போது யாரோ எங்கயோ எதேச்சையா பேசுற வார்த்தைய பதிலா எடுத்துக்கிறது. நம்மள மறந்துட்டு அங்க நிம்மதியா இருக்க முடியுதுல்ல அவனுக்கு, அவன நெனைக்கவே வேண்டாம் போடிங்கிற மாதிரி முடியுது பாட்டு. அவ செய்ய மாட்டேன்னு சொல்ற லிஸ்ட்ட பாத்தா அன்னைக்கு எல்லாரும் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாங்கன்னு தெரிஞ்சுருது. சாமிக்கு கடன், கைல நூலு. இன்னைக்கும் அதே கடன், அதே நூலு, கயிறுதான் மஞ்சளும் சிவப்புமா மாறியிருக்கு.

சரி, நடைமுறைல எப்படி நடக்குதுன்னு பாப்போம். பெரும்பாலும் ராத்திரில தான் நடக்கும். எங்கம்மா நேர்ந்துக்கிட்டதும் அப்படித்தான், அப்பாவுக்கு மூச்சு வாங்கி ஒரு ஆஸ்பத்திரில சேத்து உள்ள கொண்டு போயிட்டாங்க, கதவு சாத்தியாச்சு, யாரும் வந்து ஒன்னும் சொல்லல, மணி ரெண்டு இருக்கும், அம்மா வெளில பெஞ்சுல உக்காந்து முந்தானைல இருந்த காச எடுத்து கைல இறுக்கி புடிச்சுக்கிட்டு சமயபுரத்தாளேன்னு ஒரு தடவ சொன்னாங்க, அப்பறம் உதடு மட்டும் அசஞ்சுது. வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு ஒரு வெள்ளத்துணிய மஞ்சத்தண்ணில நனச்சு காய வச்சு அந்த காச அதுல முடிஞ்சு சாமி படத்துக்கு கிட்ட மாட்டுனாங்க. இதுக்கு பூசாரியோ ஐயரோ வேணாம், மந்திரம் கெடையாது, நல்ல நேரம் பாக்குறதும் கெடையாது. யாரு வேணா செய்யலாம். தீட்டு நாளா இருந்தா மனசுல மட்டும் சொல்லிக்கிட்டு முடிச்சு அப்பறம் போடுறவங்களும் உண்டு. அந்த காசு கூலியோ காணிக்கையோ இல்ல, அது ஒரு அடையாளம், நாளைக்கு எல்லாம் சரியாகி நாம மறந்துட்டா நம்மள ஞாபகப்படுத்த ஆணில தொங்கிக்கிட்டு இருக்குறது.

யாருகிட்ட கேக்குறதுன்னு ஒரு கணக்கு இருக்கு. மொதல்ல குலதெய்வம், அது வீட்டுப் பெரியவங்க மாதிரி, அத தாண்டி யாருகிட்ட போனாலும் அது கோச்சுக்கும்னு எங்க பக்கம் சொல்வாங்க. அதுக்கப்பறம் கஷ்டத்துக்கு தகுந்த மாதிரி. அம்மை, கண்ணு, காச்சல்னா மாரியம்மா. தீராத வியாதிக்கு வைத்தீஸ்வரன்கோயில், அங்க கொளத்துல வெல்லத்த கரைக்கிறதும் உப்பும் மொளகும் போடுறதும் தான் வேண்டுதலே. கடல்ல போறவங்களுக்கு நாகூராரும் வேளாங்கண்ணி மாதாவும். இதுல மதம் எங்க வருதுன்னு கேட்டா, எங்க தெருவுல பாத்த வரைக்கும் கஷ்டம்னு வந்துட்டா அது ரொம்ப பின்னாடி தான் வருது.

இப்ப செய்யுற பக்கம். இங்க தான் விஷயம் கொட்டிக் கெடக்கு. நேத்திக்கடன்ல குடுக்குற பொருள பாத்தீங்கன்னா அதுல ஒரு பேச்சு இருக்கும். கண்ணு சரியாச்சுன்னா வெள்ளில கண்மலர் வாங்கி சாத்துவாங்க, சின்னதா கண்ணு மாதிரியே தட்டி வச்ச தகடு. கை, கால், வயிறு, எது நோவோ அதோட உருவம், உருவாரம்னு பேரு, மண்ணுலயும் உண்டு. வயித்து வலி தீர்ந்தா மாவெளக்கு, பச்சரிசி மாவும் வெல்லமும் பெசஞ்சு நடுவுல குழிச்சு நெய் ஊத்தி திரி போட்டு, ஆள படுக்க வச்சு எலைய வயித்து மேல வச்சு அதுமேல வெளக்க ஏத்துவாங்க, தல வலின்னா நெத்தில. கொழந்த பொறந்தா கரும்பு தொட்டில், மஞ்சப் பொடவைய கரும்புல தூளியா கட்டி அதுல பச்சப்புள்ளய போட்டு ஆத்தாவும் அப்பனும் ஆளுக்கொரு பக்கம் தோள்ல தூக்கிக்கிட்டு கோயில சுத்தி வருவாங்க, சமயபுரத்துல எந்த நாள் போனாலும் ஒன்னாச்சும் பாக்கலாம். அய்யனாருக்கு மண் குதிர செஞ்சு ஊரே தூக்கிட்டுப் போற புரவி எடுப்பு சிவகங்க புதுக்கோட்ட பக்கம் போனா பாக்கலாம். அப்பறம் பால்குடம், தீச்சட்டி, அலகு, காவடி, அங்கப்பிரதட்சணம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது தான். மொட்டைய மட்டும் சொல்லணும், ஏன்னா அது பணக்காரன் தலைலயும் ஏழ தலைலயும் ஒரே மாதிரி தான் போகுது. அறநிலையத்துறை கோயில்கள்ல 2021 செப்டம்பர்லேர்ந்து மொட்ட போட கட்டணமும் கெடையாது.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது மடிப்பிச்ச. வசதியான வீட்டு பொம்பளைங்க கூட வேண்டுதலுக்காக மஞ்சப் பொடவ கட்டிக்கிட்டு முந்தானைய மடியா ஏந்தி நாலு வீட்டு வாசல்ல நின்னு பிச்ச கேப்பாங்க, அந்த அரிசியும் காசும் கோயிலுக்குப் போகும். எங்க சின்ன வயசுல ஒரு மாடி வீட்டு அம்மா, கார் வச்சிருந்தவங்க, எங்க வாசல்ல வந்து நின்னப்ப எங்கப்பாயி, அதாவது அப்பாவோட அம்மா, ஒரு ஆழாக்கு அரிசிய மொறத்துல கொண்டாந்து போட்டுட்டு எதுவும் கேக்கல, எதுக்குன்னும் கேக்கல, மாரியாத்தா நல்லது பண்ணுவான்னு மட்டும் சொல்லிட்டு உள்ள வந்துட்டாங்க. அந்த அம்மாவுக்கு கோயிலுக்கு மூட்ட மூட்டையா அரிசி வாங்கிக் குடுக்க வக்கிருக்கு. ஆனா வேண்டிக்கிட்டது அரிசி இல்லயே, பிச்ச எடுக்குறதத்தானே வேண்டிக்கிட்டாங்க. ஆக இங்க செல்லுற நாணயமே வேற, முடி, பசி, நடக்குற கால், கூச்சம், இந்த மாதிரி காசு குடுத்து ஈடு கட்ட முடியாதது.

சாமியும் சும்மா வாங்கிக்கிட்டு உக்காந்துருக்குன்னு நெனச்சுறக் கூடாது. சமயபுரத்துல மாசி மாசத்துக் கடைசி ஞாயித்துக்கெழம பூச்சொரிதல் ஆரம்பிக்கும், அன்னைலேர்ந்து 28 நாள் ஆத்தா பச்சப்பட்டினி. பக்தருங்க இல்லீங்க, அம்மனே வெரதம் இருக்குறா, புள்ளைங்க நல்லா இருக்கணும்னு. அந்த நாள்ல சமைச்ச நைவேத்தியம் கெடையாது, துள்ளுமாவு, நீர்மோர், பானகம், எளநி அவ்ளோதான். நமக்காக அவ பட்டினி கெடக்குறான்னு நம்புறவங்க தான் திருச்சிலேர்ந்து ராத்திரியோட ராத்திரியா பூத்தட்டத் தூக்கிக்கிட்டு நடக்குறாங்க. இந்த எடத்துல அக்கா பையன் சொன்ன டீல் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காணுது, ஏன்னா எந்த டீல்ல கடன் குடுத்தவன் நமக்காக பட்டினி கெடப்பான்?

வேளாங்கண்ணிக்குப் போனா அந்தக் கோயிலே ஒரு நேத்திக்கடன். 17ஆம் நூற்றாண்டுல மக்காவுலேர்ந்து, சீனா பக்கம் இருக்குற மக்காவு, கொழும்புக்கு வந்துக்கிட்டு இருந்த போர்த்துக்கீசக் கப்பல் வங்கக்கடல்ல புயல்ல மாட்டிக்கிச்சாம். பாய்மரம் பிஞ்சு இனி அவ்ளோதான்ங்கிற நேரத்துல மாலுமிங்க மாதாவ கூப்புட்டு, உசுரோட கரை சேந்தா சேந்த எடத்துல உனக்கு கோயில் கட்டுறோம்னு வேண்டிக்கிட்டாங்க, கரை ஒதுங்குனது வேளாங்கண்ணில, அன்னைக்கு செப்டம்பர் 8, மாதா பொறந்த நாள். அந்த ஊர்ல வழிவழியா சொல்ற கத இது. இன்னைக்கும் ஆகஸ்ட் 29 கொடி ஏறி செப்டம்பர் 8 வரைக்கும் திருவிழா நடக்குது, காவித்துணி போட்டுக்கிட்டு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வர்றாங்க, மணல் பாதைல முட்டி போட்டே போறாங்க, மெழுகுவத்தி, தென்னங்கன்னு, வெள்ளில வீடு, வெள்ளில தொட்டில். பால்குடத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு எனக்கு இன்னும் புரியல, வித்தியாசம் இருக்கணும்னும் தோணல.

அதே கரைல கொஞ்சம் வடக்கால நாகூர். அங்கயும் கப்பல் கத தான், ஓட்ட விழுந்து முங்கப் போன கப்பல்ல இருந்தவங்க கூப்புட, முடி வெட்டிக்கிட்டு இருந்த நாகூரார் கைல இருந்த கண்ணாடிய வீசி ஓட்டைய அடைச்சாருன்னு சொல்வாங்க. தர்காவுல இருக்குற அஞ்சு மனாராவுல, அதாவது கோபுரத்துல, ஒசரமானது 131 அடி, அத கட்டுனது தஞ்சாவூர ஆண்ட மராட்டிய ராஜா பிரதாப சிங், 1739லேர்ந்து 1763 வரைக்கும் ஆண்டவரு. புள்ள வரம் கேட்டு கெடச்சதுக்கு அவரு செலுத்துன கடன்னு சொல்றாங்க. இந்து ராஜா, முஸ்லிம் பெரியவருக்கு, 131 அடில நேத்திக்கடன். கடத்தெருவுல தகரத் தகடு விப்பாங்க பாருங்க, கை, கால், வீடு, கப்பல், எல்லா உருவத்துலயும், அது நம்ம கண்மலரோட தம்பி.

இப்ப அந்த டீல் கேள்விக்கு வர்றேன், இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது.

டீலா நெனைக்கிறவங்க இருக்காங்க, இல்லன்னு சொன்னா பொய். பிசினஸ் ஓடினா பத்து பர்சன்ட் உண்டியல்ல போடுறேங்குற ஆளு எனக்கே தெரியும், சாமிய ஸ்லீப்பிங் பார்ட்னரா சேத்துருக்காரு. ஆனா டீல்ல வேல நடக்கலன்னா பணம் குடுக்க மாட்டோம்ல. இங்க நடக்கலன்னாலும் செய்யுறவங்கள நான் பாத்துருக்கேன். புருஷன் பொழச்சா மொட்ட போடுறேன்னு வேண்டிக்கிட்ட ஒரு அக்கா, அவரு பொழைக்கல, ஒரு வருஷம் கழிச்சு போய் மொட்ட போட்டுட்டு வந்தாங்க. ஏங்க்கான்னா, சொன்னது சொன்னது தானேன்னாங்க, வேற ஒன்னும் சொல்லல. அதுக்கு மேல நானும் கேக்கல.

இன்னொன்னு, சாமிகிட்ட பேசுற பேச்சு. டீல் பேசுறவன் மரியாதையா பேசுவான். கஷ்டத்துல கூப்புடுறவன் அப்படி பேச மாட்டான், திட்டுவான். சுந்தரர் கதைய எடுத்துக்கங்க. திருவொற்றியூர்ல சங்கிலியார கல்யாணம் பண்ணும்போது உன்ன பிரிய மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டு, திருவாரூர் ஞாபகம் வந்ததும் சத்தியத்த மீறி கெளம்புறாரு, ஊரு எல்லைய தாண்டுனதும் ரெண்டு கண்ணும் போயிருது. தப்பு யாரு மேல? அவரு மேல தான். ஆனா அவரு தப்ப ஒத்துக்கிட்டு சும்மா இருக்கல, ஊரு ஊரா தடவிக்கிட்டே போய் பாடிக் கேக்குறாரு, காஞ்சிபுரத்துல எடது கண்ணு வருது. திருவாரூர் போய் சேந்ததும் மிச்ச கண்ணுக்கு சண்ட புடிக்கிறாரு, உமக்கே ஆளா இருக்குற எங்க கஷ்டத்த சொன்னா நீரு பேசாம இருக்கீரு, சரி, "வாழ்ந்து போதீரே"ன்னு. நீங்களாச்சும் நல்லா இருந்துட்டுப் போங்கன்னு அர்த்தம். இன்னைக்கும் கோவத்துல நம்ம ஆளுங்க சொல்ற அதே வசனம். வலது கண்ணும் கெடச்சுதுன்னு பெரியபுராணம் சொல்லுது. வாக்கு மீறுனவன், அதுக்கு மேல திட்டுறவன், அவனுக்கும் குடுத்தாச்சு. டீல்னா கேன்சல் ஆகியிருக்கணும்ல.

எனக்கு இதுல புரிஞ்சது என்னன்னா, கஷ்டத்துல யாரு வேணா சாமிய கூப்புடுவான், சாமியே இல்லங்கிறவன் கூட லிஃப்ட் பாதில நின்னா கூப்புடுவான். கஷ்டம் தீந்த மறுநாளே மறந்துருவோம், அது மனுச கொணம். நேத்திக்கடன் செய்யுற வேல அங்க தான் இருக்கு, பயந்துக்கிட்டு ஓடிப்போய் நின்ன அதே வாசலுக்கு நல்லா இருக்கும்போது ஒரு நாள் திரும்ப நடக்க வைக்குது. நடுங்கிக்கிட்டு இருந்த நாமளயும் இப்ப சிரிச்சுக்கிட்டு நிக்கிற நாமளயும் ஒரே எடத்துல கொண்டாந்து நிறுத்துது. காசு, முடி, பால்குடம் எல்லாம் அந்த நடைக்கு ஒரு சாக்கு தான்னு எனக்கு படுது. எங்கம்மாகிட்ட இத சொன்னா ஒத வாங்குவேன், அவங்களுக்கு அது சாக்கு இல்ல, கடன், கடன்னா கடன்.

கேட்டும் கெடைக்காததுக்கு என்ன பதில்னு கேட்டீங்கன்னா என்கிட்ட பதில் இல்ல. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கெழம காலைல வேளாங்கண்ணி கடக்கரைல நின்னவங்கள்ல நெறைய பேரு கிறிஸ்மஸுக்கு மாதாவ கும்புட வந்தவங்க, வேண்டுதல நெறவேத்த வந்தவங்க. அவங்களையே கடல் கொண்டு போச்சு. இதுக்கு யாராவது சுலபமா விளக்கம் குடுத்தா அவங்கள நம்பாதீங்க. அதுக்கப்பறமும் வருஷா வருஷம் அதே மணல்ல முட்டி போட்டு போறாங்க, அதுல அன்னைக்கு ஆள பறிகுடுத்த வீட்டுக்காரங்களும் இருப்பாங்க. அதயும் எனக்கு விளக்கத் தெரியாது.

புதுசா செய்ய நெனைக்கிறவங்களுக்கு நாலு விஷயம், பட்டு தெரிஞ்சுக்கிட்டது. சின்னதா வேண்டிக்கங்க. பயத்துல இருக்கும்போது வாய் பெருசா பேசும், தங்கத்துல கிரீடம், 108 கொடம், வருஷா வருஷம் வரேன்னெல்லாம். அப்பறம் அது தலைக்கு மேல கத்தியா தொங்கும், வீட்டுல எது நடந்தாலும், தண்ணி மோட்டர் ரிப்பேரானா கூட, அந்த பாக்கியால தான்னு தோணும். ஒரு தேங்கா, ஒரு வெளக்கு, ஒரு தடவ நடந்து வர்றது, போதும்.

அடுத்தவன் ஒடம்ப வச்சு நேந்துக்காதீங்க. எங்கத்த எனக்கு வேல கெடச்சா இவனுக்கு மொட்ட போடுறேன்னு வேண்டிக்கிச்சு, எனக்கு 24 வயசு, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. வேலைக்கு சேந்த வாரமே இழுத்துட்டுப் போய் போட்டாச்சு. ஐடி கார்டுல ஆறு வருஷம் மொட்ட தலையோட தான் இருந்தேன், கேண்டீன்ல என் பேரே பழனி. அத்தைகிட்ட கேட்டா, வேல கெடச்சுச்சா இல்லையாங்குது. கொழந்தைங்களுக்கு அலகு குத்துறேன், தீச்சட்டி தூக்க வைக்கிறேன்னு வேண்டிக்கிறதெல்லாம் அறவே வேண்டாம், வேண்டிக்கிட்டது பெரியவங்க, நீங்க தூக்குங்க.

டாக்டர விட்டுட்டு வேண்டிக்கிறது வேண்டுதல் இல்ல, அது அடம். எங்கம்மா காச முடிஞ்சதும் ஆஸ்பத்திரில பில்லு கட்டுனதும் ஒரே ராத்திரி தான்.

ஆடு கோழி வெட்டுறத பத்தி கேப்பீங்க. 1950லயே கோயில்ல பலி குடுக்கக் கூடாதுன்னு இங்க சட்டம் வந்தாச்சு, அது பாட்டுக்கு தூங்கிக்கிட்டு இருந்துச்சு, 2003ல அத கண்டிப்பா அமல்படுத்தணும்னு அரசு உத்தரவு போட்டதும் கிராமங்கள்ல பெரிய சலசலப்பு, அடுத்த வருஷமே சட்டத்த வாபஸ் வாங்கிட்டாங்க. எங்க குலதெய்வத்துக்கு கெடா வெட்டு உண்டு, நான் சாப்புட்டுமிருக்கேன். இதுல நான் யாருக்கும் பாடம் எடுக்குற நெலமைல இல்ல, நானே வேண்டிக்கிறதா இருந்தா ஆட்ட இழுக்க மாட்டேன், அவ்ளோதான்.

செய்ய முடியாம போச்சுன்னா? பயப்படாதீங்க. எந்தக் கோயில் பூசாரிகிட்டயும் போய் இப்படி வேண்டிக்கிட்டேன், ஒடம்பு முடியல, காசு இல்லன்னு சொல்லிப் பாருங்க, நடக்க முடியலன்னா பஸ்ஸுல வந்து ஒரு வெளக்கு போடு தாயீன்னு தான் சொல்வாரு. உங்களுக்கு பழைய நேத்திக்கடன் பாக்கி இருக்கு, அதான் கல்யாணம் தட்டிப் போகுது, பரிகாரத்துக்கு இத்தன ஆயிரம்னு யாராவது சொன்னா மட்டும் செருப்ப மாட்டிக்கிட்டு எறங்கி வந்துருங்க.

பேச என்ன வார்த்தன்னு தெரியலன்னா, வார்த்த வேண்டியதில்ல. எங்கப்பாயிக்கு ஒரு பதிகமும் தெரியாது, எழுதப் படிக்கவும் தெரியாது. நான் பாத்துருக்கேன், வெளக்கு முன்னாடி உக்காந்து பக்கத்து வீட்டு பொம்பளகிட்ட பேசுற மாதிரியே பேசும், இங்க பாரு ஆத்தா, பெரியவனுக்கு இப்படி ஆயிருச்சு, எனக்கு ஒன்னும் தெரியல, நீ தான் பாத்துக்கணும்னு. அப்பறம் அழும். அப்பறம் மூக்க சிந்திட்டு போய் அடுப்ப பத்த வைக்கும்.

அப்பாயி செத்தப்பறம் டிரங்கு பெட்டிய தொறந்தோம், அடில மூனு மஞ்ச முடிச்சு. ஒன்னுல நாலணா, ஒன்னுல ஒரு பழைய ஒத்த ரூபா, மூனாவதுல காசோட ஒரு தகரத் தகடு, கால் உருவம், நாகூர் கடத்தெருவுல விக்கிறது. யாருக்கு, எப்ப, எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு சொந்தபந்தம் எல்லாம் இருந்தப்ப அந்த தகட கைக்கு கை மாத்தி பாத்துக்கிட்டு இருந்தோம், பெரியப்பா கைக்கு வந்ததும் அவரு பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு, எட்டு வயசுல மாமரத்துலேர்ந்து விழுந்து கால் ஒடஞ்சு ஆறு மாசம் கெடந்தேன்ல, அதுக்கா இருக்கும்னாரு. அவருக்கு அப்ப வயசு 74. யாரோ தனக்காக அப்படி ஒன்ன நேந்துக்கிட்டு, காசு சேராமயோ போக வழி இல்லாமயோ பெட்டிக்கு அடில வச்சுக்கிட்டே இருந்தது அவருக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த வியாழக்கெழம நானும் அவரும் பஸ்ஸுல நாகூர் போனோம். தகட அவரே போட்டாரு. நாலணா இப்ப செல்லாதேன்னு நான் யோசிச்சுக்கிட்டு நிக்க, மத்த ரெண்டு முடிச்சையும் அவுக்காம அப்படியே திரும்ப கொண்டாந்துருவோம், அது யாரோடதோன்னுட்டாரு.

அந்த ரெண்டும் எங்க சாமி ரூம்ல தான் இருக்கு, அம்மாவோட முடிச்சுக்கு பக்கத்து ஆணில. அம்மாவோடது வர்ற பங்குனில தீந்துரும், சமயபுரத்துக்கு நடந்து போறதா முடிவு பண்ணியாச்சு, அப்பாவும் கொஞ்ச தூரம் நடக்குறேன்னு சொல்லியிருக்காரு. அக்கா பையனும் வரேன்னிருக்கான். மொட்ட மட்டும் கேக்கக் கூடாதாம்.